11க்கு 21 அடி ஹால்ல சோபாவும் டைனிங்கும் எப்படி போடுறது?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், வேற யாராவது படிச்சாலும் புரியும். மேடவாக்கம் பக்கம் புது 2 பிஹெச்கே ஃப்ளாட். ஹாலும் டைனிங்கும் சேர்ந்து ஒரே நீள ரூம், 11க்கு 21 அடி. கிழக்கு சுவர்ல பால்கனி ஸ்லைடிங் டோர், மேற்கு சுவரோட தெற்கு மூலையில கிச்சன் வாசல், வடக்கு சுவர்ல பால்கனியில இருந்து 11 அடி தள்ளி மெயின் டோர், அதுக்கு நேர் எதிர்ல தெற்கு சுவர்ல பெட்ரூம் போற வழி. வீட்ல நீங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க, மாமியார். எல் சோபா, 6 சீட்டர் மார்பிள் டாப் டைனிங், 55 இஞ்ச் டிவி, ஃபால்ஸ் சீலிங், இதெல்லாம் 3 லட்சத்துக்குள்ள வருமா, இன்டீரியர்காரர் 6.5 லட்சம் கொட்டேஷன் குடுத்திருக்காரேன்னு கேட்டிருந்தீங்க.

நான் 16 வருஷமா சென்னையில மரவேலை காண்ட்ராக்ட் எடுத்து பண்றேன். உங்க ஹால் மாதிரி நூறு ஹால் பாத்திருப்பேன், ஏன்னா 2 பிஹெச்கேன்னாலே பில்டருங்க கிட்டத்தட்ட இதே டப்பாவைத்தான் கட்டித் தர்றாங்க. அதனால நேராவே சொல்றேன், நீங்க போட்ட லிஸ்ட்ல டிவி மட்டும் சரி, மத்த மூணும் இந்த ஹாலுக்கு வேண்டாம்.

எதை வாங்கறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எதுல நடக்கப்போறோம்னு பாருங்க. உங்க வீட்ல தினமும் மனுஷங்க நடக்குற வழி மூணு இருக்கு. மெயின் டோர்ல இருந்து பெட்ரூமுக்கு ஹாலைக் குறுக்கா வெட்டிட்டுப் போற வழி ஒண்ணு, பெட்ரூம் பக்கத்துல இருந்து கிச்சனுக்கு தெற்கு சுவரை ஒட்டிப் போறது ஒண்ணு, பால்கனிக்கு துணி காயப்போடப் போறது ஒண்ணு. மூணாவதை எல்லாரும் மறந்துடுவாங்க, ஆனா ஈரத்துணி பக்கெட்டை ரெண்டு கையில பிடிச்சுக்கிட்டு சோபா முனையை சுத்திப் போறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒருத்தர் நிம்மதியா நடக்க 3 அடி வேணும், அவசரத்துக்கு இரண்டரை அடி. அந்த வழியை ஒதுக்கிட்டு மிச்சம் இருக்குறதுதான் உங்க ஹால், 231 ஸ்கொயர் ஃபீட்ன்னு பிளான்ல இருக்குறது இல்ல.

இதை அளக்குறதுக்கு ஆளெல்லாம் கூப்பிட வேண்டாம், தரையைப் பாத்தாலே போதும். இப்போ வர்ற ஃப்ளாட்ல பெரும்பாலும் 2க்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ்தான் போடறாங்க, உங்க வீட்லயும் அதுவா இருந்தா அகலத்துக்கு அஞ்சரை டைல், நீளத்துக்கு பத்தரை டைல் வரும். பழைய பேப்பரை ஒட்டி சோபா சைஸுக்கு, டேபிள் சைஸுக்கு வெட்டி தரையில போடுங்க, ஓரத்துல டேப் ஒட்டிடுங்க, ரெண்டு நாள் அப்படியே அதை மிதிக்காம வாழ்ந்து பாருங்க. நீங்க நடந்து பாக்குறதை விட மாமியாரை நடக்கவிட்டுப் பாருங்க. அவங்க ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வர்ற வழியில பேப்பர் கிழிஞ்சிருந்துதுன்னா அங்க எந்த சாமானும் வைக்கக் கூடாதுன்னு அர்த்தம்.

மெயின் டோருக்கும் பெட்ரூம் வழிக்கும் நடுவுல இருக்குற 4 அடி பட்டையை ஒண்ணுமே வைக்காம விட்டுடுங்க. அது தானாவே ஹாலை ரெண்டா பிரிச்சிடும், கிழக்கால 11க்கு 11 சதுரமா உக்காருற இடம், மேற்கால 6க்கு 11 சாப்பிடுற இடம். நடுவுல ஜாலி பார்ட்டிஷன் (ஓட்டை ஓட்டையா டிசைன் வெட்டின தடுப்பு), சிஎன்சி மெஷின்ல வெட்டின எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) ஸ்க்ரீன் எல்லாம் கொட்டேஷன்ல இருக்கும் பாருங்க, அதை முதல்ல அடிச்சிடுங்க. வெளிச்சத்தையும் காத்தையும் மறைக்கும், அந்த ஓட்டைக்குள்ள படிஞ்ச தூசியைத் துடைக்க காது குடையுற குச்சிதான் வேணும்.

எல் சோபா ஏன் வேண்டாம்னா, கடையில அது 40 அடி ஹால்ல கிடக்கும், அங்க பாத்தா அடக்கமாத்தான் தெரியும். சாதாரணமா ஒரு பக்கம் 8, 9 அடி, குட்டைப் பக்கம் 5, 6 அடி. உங்க 11 அடி சதுரத்துல அதைப் போட்டா குட்டைக் கால் ஒண்ணு பால்கனி டோரைப் பாதி மறைக்கும், இல்லேன்னா நான் சொன்ன அந்த 4 அடி பட்டைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த மூலையில யாரும் உக்காரவும் மாட்டாங்க, காய்ஞ்ச துணி மூட்டைதான் உக்காரும். இன்னொண்ணு, எல் சோபாவை ஒரு தடவை போட்டா போட்டதுதான், நவராத்திரிக்கு கொலு படி வைக்கணும்னா எங்க நகத்துவீங்க?

அதுக்கு பதிலா தெற்கு சுவரை ஒட்டி ஒரு 3 சீட்டர், ஆறரையில இருந்து 7 அடிக்குள்ள. கூட கை வெச்ச தனி நாற்காலி ரெண்டு, பிரம்போ மரமோ, ஒரு ஆள் தூக்கி நகத்துற வெயிட்ல. மாமியாருக்கு அதுல ஒண்ணு கண்டிப்பா வேணும், ஏன்னா முட்டி வலி இருக்குறவங்களுக்கு தாழ்வான மெத்து மெத்துன்னு இருக்குற சோபா எதிரி, எழுந்திரிக்க ஆள் வேணும். உக்காருற உயரம் 18 இஞ்ச், ரெண்டு பக்கமும் கை ஊன்ற பிடி, அப்படிப் பாத்து எடுங்க. சோபா வாங்கறப்போ ஃபோம் டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோன்னு கேளுங்க, உக்காருற இடத்துக்கு 32க்கு குறையக் கூடாது, 40 கிடைச்சா நல்லது. கடைக்காரர் "சூப்பர் சாஃப்ட் மேடம்"னு அழுத்திக் காட்டுவார், அந்த சாஃப்ட்தான் ஒன்றரை வருஷத்துல குழியாயிடும். ரெக்சின் வேண்டவே வேண்டாம். மேல பாலியூரிதேன் பூச்சு போட்ட வகையா இருந்தா அதை நம்ம ஊரு ஈரப்பதம் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும், மூணு நாலு வருஷத்துல வெயில்ல தோல் உரிஞ்ச மாதிரி செதில் செதிலா உதிரும், பசங்க உக்காந்து எழுந்தா கால்ல ஒட்டிக்கிட்டு வரும். ஜிப் வெச்சுக் கழட்டித் துவைக்கிற துணி கவர் எடுத்துக்கங்க, கலர் கொஞ்சம் அடர்த்தியா.

டிவி எதிர்ல வடக்கு சுவர்ல. மெயின் டோர் பக்கத்து சுவர்ங்கறதால வாசல்ல கூரியர்காரர் வந்து நின்னாலும் உங்க வீட்ல என்ன சீரியல் ஓடுதுன்னு அவருக்குத் தெரியாது, பால்கனி வெளிச்சமும் பக்கவாட்டுல விழுறதால ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு அடிக்காது. சோபாவுல சாய்ஞ்சு உக்காந்தா கண்ணுல இருந்து டிவிக்கு 9 அடி சொச்சம் வரும், 55 இஞ்ச்க்கு அது சரியான தூரம், 43 எடுத்தீங்கன்னா சப்டைட்டில் படிக்க மாமியார் எழுந்து கிட்ட வருவாங்க. ஒரு தப்பு மட்டும் பண்ணாதீங்க, டிவியை போட்டோ மாட்டுற மாதிரி மேல மாட்டிடாதீங்க. டிவியோட நடுப்புள்ளி தரையில இருந்து 40, 42 இஞ்ச், அவ்ளோதான். எலக்ட்ரீஷியன் பாயின்ட்டை 5 அடியில போட்டுட்டு போயிட்டார்னா ஓரமா ஒயரை இறக்குங்க, அதுக்காக கழுத்தை நிமித்தாதீங்க. கீழ டிவி யூனிட் ஒரு அடி, ஒண்ணேகால் அடி ஆழம் போதும், சுவர் முழுக்க மைக்கா பேனல், பின்னாடி ப்ளூ லைட் எல்லாம் போட்டா ரெண்டாவது வருஷம் உங்களுக்கே சலிச்சிடும், கழட்டினா சுவர் முழுக்க ட்ரில் ஓட்டை.

டைனிங்குக்கு வருவோம், இங்கதான் எல்லாரும் இடிச்சுக்கிறாங்க, நிஜமாவே இடுப்பு இடிச்சுக்கிறாங்க. ஒரு ஆள் கை விரிச்சு சாப்பிட மேஜை ஓரத்துல 2 அடி வேணும், நாற்காலியைப் பின்னாடி தள்ளி எழுந்திரிக்க இரண்டரை அடி வேணும். உங்களுக்கு இருக்குறது கிழக்கு மேற்கா 6 அடி. 6 சீட்டர் டேபிள் அகலமே 3 அடி, ரெண்டு பக்கமும் இரண்டரை விட்டா 8 அடி ஆச்சு, அந்த 4 அடி வழிக்குள்ள நாற்காலி வந்து உக்காந்துக்கும். அதனால ஒரு பக்கம் நாற்காலியே வேண்டாம், மேற்கு சுவரை ஒட்டி பெஞ்ச் போடுங்க. பெஞ்ச் 15 இஞ்ச், டேபிள் 30 இஞ்ச், அதுக்கு இந்தப் பக்கம் நாற்காலி தள்ள 30 இஞ்ச், மொத்தம் 75, பெஞ்ச் மேல டேபிள் ஒரு 3 இஞ்ச் ஏறி நிக்கட்டும், சரியா 72 இஞ்ச், அதாவது உங்க 6 அடி. டேபிள் நீளம் 5 அடி, வடக்கு சுவர்ல முட்டிக்கிட்டு ஆரம்பிக்கட்டும், அப்போ தெற்கால கிச்சன் வாசலுக்கு நேரா 6 அடி காலியா இருக்கும், அந்த முனையில ஒரு நாற்காலி போட்டாலும் வழி இருக்கு. பெஞ்சுல பசங்க, ரெண்டு நாற்காலியில நீங்க ரெண்டு பேர், முனை நாற்காலி மாமியாருக்கு, அவங்க யாரையும் எழுப்பாம எழுந்து போகலாம். விருந்தாளி வந்தா பெஞ்சுல மூணாவது ஆள் நுழைவார், நம்ம ஊர்ல பெஞ்சுன்னாலே அப்படித்தானே. பெஞ்சுக்குள்ள மூடி வெச்சு அடிச்சீங்கன்னா கொலு பொம்மை, பழைய பேப்பர், எக்ஸ்ட்ரா பாய் எல்லாம் உள்ள போயிடும்.

மார்பிள் டாப் பத்தி ஒரு விஷயம். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல வெள்ளை மார்பிள் டேபிள், கிரகப்பிரவேசம் முடிஞ்ச அடுத்த வாரமே கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா நடுவுல ரசக்கரண்டி வெச்ச இடத்துல வட்டமா மங்கிப் போயிருக்கு. கறை இல்ல அது, கையால தடவினா சொரசொரன்னு இருந்துச்சு. மார்பிள்ங்கிறது சுண்ணாம்புக்கல் ஜாதி, புளியும் எலுமிச்சையும் பட்டா கல்லோட மேல்பரப்பையே அரிச்சிடும், தேய்ச்சா போகாது, திரும்ப பாலீஷ்தான் போடணும். மஞ்சள் கறை அதுக்கு மேல தனிக்கதை. சாம்பார் ரசம் மோர்க்குழம்புன்னு சாப்பிடுற வீட்டுக்கு கிரானைட், இல்ல பாலீஷ் போட்ட மரம், இல்ல மேட் மைக்கா ஒட்டினது, இதுல எதுவானாலும் சரி. கண்ணாடி டாப்பும் வேண்டாம், எவர்சில்வர் தட்டு வைக்கிற ஒவ்வொரு தடவையும் டங்குன்னு சத்தம், விரல் ரேகை துடைச்சே ஒருத்தர் வயசு போயிடும் (எங்க வீட்ல போச்சு, நான்தான்). ரப்பர்வுட் டேபிள் விலை கம்மியா நல்லாவே இருக்கும், ஆனா பதப்படுத்தினதான்னு கேட்டு வாங்குங்க, இல்லேன்னா உளுத்துப் போய் காலுக்குக் கீழ மாவு கொட்டும்.

சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துலதான் வீட்டோட அசிங்கமெல்லாம் சேரும், இதை எந்த டிசைனரும் படம் போட்டுக் காட்ட மாட்டாங்க. 20 லிட்டர் தண்ணி கேன், அதோட ஸ்டாண்டு, வாஷ் பேசின், கை துடைக்கிற துண்டு, இன்வெர்ட்டர், வைஃபை பெட்டி, மாத்திரை டப்பா, ஊறுகாய் பாட்டில். இதுக்கு இடம் பிளான் பண்ணலேன்னா எல்லாம் டேபிள் மேல ஏறிடும், அப்புறம் எல்லாரும் சோபாவுல தட்டை வெச்சுக்கிட்டு டிவி பாத்து சாப்பிடுவாங்க. பேசின் பக்கத்துல ஒன்றரை அடி ஆழத்துல ஒரு யூனிட் அடிச்சு கீழ தட்டுல தண்ணி கேன், மேல மாத்திரை, டம்ளர், மூடி போட்ட ஷெல்ஃப்ல ஊறுகாய்னு வெச்சுடுங்க. இன்வெர்ட்டரை யூனிட்டுக்குள்ள போட்டு கதவை மூடிடாதீங்க, பேட்டரிக்கு காத்து போகணும், டிஸ்டில்டு வாட்டர் ஊத்த கையும் போகணும். இந்த யூனிட்டுக்கு மட்டும் பிளைவுட் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தண்ணி தெறிக்கிற இடம், ஐஎஸ் 710ங்கிற இந்தியத் தர முத்திரை இருக்குற மரைன் பிளைதான். டிவி யூனிட்டுக்கு ஐஎஸ் 303ல பிடபிள்யூஆர் கிரேடு (கொதிக்கிற தண்ணியைத் தாங்குறது) போதும். எம்ஆர் கிரேடுன்னு ஒண்ணு இருக்கு, எம்ஆர்னா ஈரத்தை ஓரளவு தாங்கும்னு மட்டும்தான், நிறைய பேர் அதையே வாட்டர் ப்ரூஃப்னு சொல்லி அடிச்சிட்டுப் போயிடறாங்க. ஷீட் மேல அச்சடிச்ச முத்திரையை வெட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

அடுத்து ஃபால்ஸ் சீலிங், அதுக்கு கொட்டேஷன்ல பெரிய தொகை போட்டிருப்பாங்க. உங்க சீலிங் உயரம் 9.5 அடின்னு சொன்னீங்க. ஜிப்சம் போட்டா அரை அடியாவது கீழ இறங்கும், அதுக்குக் கீழ ஃபேன் தொங்கணும், இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவுல ஒரு அடி இருந்தாதான் காத்து இழுக்கும், கூட்டிக் கழிச்சா ஃபேன் இறக்கை எட்டு அடிக்கு வந்துடும், தோள்ல பையனைத் தூக்கி வெச்சுக்கிட்டு நடக்க பயமா இருக்கும். அதோட இந்த டவுன் லைட்டை ஃபேன் இறக்கைக்கு மேல வர்ற மாதிரி குத்தி வெச்சிடுவாங்க, ஃபேன் ஓடுறப்போ ரூம் முழுக்க நிழல் சடசடன்னு வெட்டும், அஞ்சு நிமிஷத்துல தலை வலிக்கும். எனக்குக் கேட்டா ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம். கண்டிப்பா ஆசைன்னா சுவர் ஓரமா ஒன்றரை அடி பட்டை மட்டும் போட்டு நடுவை விட்டுடுங்க.

அந்தக் காசுல நல்ல லைட்டும் ஃபேனும் வாங்கலாம். பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், பிஎல்டிசி மோட்டார் (கரன்ட் கம்மியா இழுக்குற வகை) வெச்ச ஃபேன் 30 வாட்ஸ் பக்கம்தான், ஹாலுக்கு ஒண்ணு, சாப்பிடுற இடத்துக்குத் தனியா ஒண்ணு. லைட்ல நம்ம வீடெல்லாம் ஒரே வெள்ளை 6500 கெல்வின் டியூப் லைட்டைப் போட்டுட்டு ஆபரேஷன் தியேட்டர்ல உக்காந்திருக்கோம். அது இருக்கட்டும், பசங்க படிக்க, ஊசி நூல் கோக்க அது வேணும், ஆனா தனி ஸ்விட்ச்ல. கூடவே சோபா பக்கம் 3000 கெல்வின் வார்ம் வைட்ல ஒரு ஸ்டாண்டு லைட், டைனிங் மேல டேபிள்ல இருந்து 30, 33 இஞ்ச் உயரத்துல தொங்குற லைட் ஒண்ணு. ராத்திரி 8 மணிக்கு மேல டியூப் லைட்டை அணைச்சிட்டு இது ரெண்டை மட்டும் போட்டுப் பாருங்க, சாதாரண கலர் அடிச்ச அதே சுவர் வேற வீடு மாதிரி தெரியும். ஃபேன் ஹூக் டேபிளுக்கு நேர் மேல வந்தா தொங்குற லைட்டை விட்டுட்டு சுவர் லைட் போடுங்க, ரெண்டையும் ஒரே இடத்துல கொண்டாந்து முட்டவிடாதீங்க.

ஸ்க்ரீன் துணி ரெடிமேடா வாங்கினா 5, 7, 9 அடின்னுதான் கிடைக்கும். உங்க பால்கனிக்கு 9 அடி எடுத்து கீழ மடிச்சுத் தைச்சு, ராடை டோருக்கு மேல விட்டுடாம சீலிங்குக்குக் கிட்ட ஏத்தி அடிங்க, ரூம் உயரமா தெரியும். ராடு ரெண்டு பக்கமும் முக்கால் அடி எக்ஸ்ட்ரா நீளட்டும், அப்போதான் திறந்தா துணி சுவர் மேல ஒதுங்கும், டோர் முழுசா திறந்திருக்கும். கிழக்கு பால்கனி உங்களுக்கு அதிர்ஷ்டம், வெயில் காலத்துல மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வர்றது அந்தப் பக்கம்தான், அந்த வழியில உயரமா எதையும் நிறுத்தாதீங்க. மெயின் டோருக்கு எதிர்ல பெட்ரூம் வழி தெரியுதே, அதுக்கும் கதவு, ஆர்ச்சுன்னு போகாம ஒரு பருத்தித் துணி ஸ்க்ரீன் தொங்கவிட்டா போதும்.

தரைக்கு கார்பெட் வேண்டாம், நம்ம ஊர் தூசிக்கு அது வளக்குற பிராணி மாதிரி, தினம் பராமரிக்கணும். பவானி ஜமக்காளம் ஒண்ணு வாங்கிப் போடுங்க, அழுக்கானா அலசி மொட்டை மாடியில காயப்போடலாம், பசங்க அது மேலயே உருண்டு விளையாடுவாங்க. டீபாய் பெருசா வேண்டாம், சின்னதா ரெண்டு ஸ்டூல், சோபாவுல இருந்து ஒன்றரை அடியில. உங்க மாமியார் கொண்டு வந்த தஞ்சாவூர் ஓவியம் இருக்குன்னு சொன்னீங்களே, அதை பால்கனி இருக்குற வெளிச்சுவர்லயோ பேசின் பக்கமோ மாட்டிடாதீங்க. அது பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்பும் பசையும் பூசி செஞ்சது, சுவர் ஓதம் ஏறினா உப்பிக்கிட்டு வந்துடும். சோபாவுக்கு மேல உள்பக்கச் சுவர்தான் அதுக்கு இடம், அந்தச் சுவர்ல வேற ஒண்ணுமே மாட்டாதீங்க.

காசுக்கு வருவோம், இது என் கணக்கு, கடைக்குக் கடை மாறும். சோபா 60 ஆயிரம், ரெண்டு நாற்காலி 16, டேபிள் பெஞ்ச் நாற்காலி எல்லாம் சேர்த்து 42, டிவி 45, டிவி யூனிட் 35, பேசின் பக்க யூனிட் 25, லைட்டும் ஃபேனும் 15, ஸ்க்ரீன் துணி 14, செருப்பு ஸ்டாண்டு 10. மொத்தம் 2 லட்சத்து 62 ஆயிரம். மிச்சம் 38 ஆயிரத்தை எடுத்து வெச்சிடுங்க, ஆறு மாசம் குடியிருந்தப்புறம்தான் வீட்ல நிஜமா என்ன குறையுதுன்னு தெரியும், அப்போ செலவு பண்ணலாம். வாங்குற வரிசையும் முக்கியம், முதல்ல லைட் ஃபேன் பாயின்ட் மாத்துற வேலை, அப்புறம் மரவேலை, அப்புறம் பெயின்ட், கடைசியாதான் சோபா. ஆஃபர் முடியப் போகுதுன்னு சோபாவை முதல்ல இறக்கிட்டு அது மேல மரத்தூள் கொட்டினவங்க நிறைய பேர்.

சோபா ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி லிஃப்டோட உள்ளளவு, படிக்கட்டு திருப்பம், மெயின் டோர் சட்டத்துக்கு உள்ளளவு, இந்த மூணையும் டேப் பிடிச்சு எடுத்து போன்ல வெச்சுக்கங்க. நானே இந்த விஷயத்துல அடி வாங்கினவன், என் சொந்த வீட்டுக்கு ஏழரை அடி சோபா வாங்கினேன், லிஃப்ட்ல ஏறல, ரெண்டாவது மாடித் திருப்பத்துல மாட்டிக்கிச்சு, கால் கழட்ட வராத மாடல் வேற. ரெண்டு நாள் பார்க்கிங்லயே கிடந்துச்சு, வாட்ச்மேன் அண்ணன்தான் அதுல சாய்ஞ்சு நல்லா தூங்கினார். கால் கழட்டுற மாடலான்னு கடையிலயே திருகிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.